பெட்டி இல்லாத பேனா இருக்கா?

ஒரு பொருளை ஒழித்துக்கட்ட அதற்குத் தடை போட வேண்டியதில்லை. வெல்வெட் துணி போட்ட பெட்டிக்குள் படுக்க வைத்து, ‘கிஃப்ட் ஐட்டம்’ என்று பேர் சூட்டி, கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டால் போதும். கொஞ்ச வருஷத்தில் அதுவாகவே செத்துப்போகும். இங்க் பேனாவுக்கு நம் ஊர்களில் நடந்திருப்பது அதுதான்.

சந்தேகமிருந்தால் சிதம்பரம் கீழ வீதியில் ஆரம்பித்து நாலு வீதியையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தேர் ஓடுகிற வீதிகள். ஸ்டேஷனரிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 1929-ல் ஆரம்பித்த ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1864-ல், ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளிக்கூடம் திறந்த ஊர் இது. எழுத்துக்கும் இந்த ஊருக்கும் இருக்கிற சம்பந்தம் நேற்று இன்று வந்ததில்லை. போன மாதம் ஒரு வேலையாகப் போன நான், பத்தாம் வகுப்பு படிக்கிற தங்கை பையனுக்காக, “நூறு ரூபாய்க்குள்ள ஒரு இங்க் பேனா குடுங்க” என்று கடை கடையாக ஏறி இறங்கினேன்.

முதல் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருக்கு சார், ரிடையர் ஆகிறவருக்கா?”

இரண்டாவது கடையில் அலமாரியைத் திறந்து, பெட்டியைத் துடைத்து, ஏதோ நகைக்கடை மாதிரி துணி மேல் வைத்துக் காட்டினார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். “பெட்டி இல்லாம, சும்மா எழுதுற மாதிரி ஒண்ணு?” என்று கேட்டேன். அந்தப் பெண் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: “எழுதுறதுக்குன்னா ஜெல் பேனா இருக்கே சார்!”

கேட்டீர்களா? எழுதுவதற்கு என்றால் வேறு. இங்க் பேனா எழுதுவதற்கு இல்லை. கொடுப்பதற்கு. வாங்கிக்கொண்டவர் ஷோகேஸில் வைப்பதற்கு. அப்புறம் அவர் இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு. தீபாவளி சோன்பப்டி டப்பா மாதிரி அது ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வரி எழுதியிருக்காது.

மூன்றாவது கடையில் “அதெல்லாம் வர்றது நின்னுபோச்சு சார்” என்றார்கள். நின்றுபோகவில்லை. கேம்லின், ஃபிளேர் மாதிரி கம்பெனிகள் மாணவர்களுக்கான மலிவு இங்க் பேனாக்களை இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் கிடைக்கும். கம்ப்யூட்டரில் தட்டினால் வீட்டுக்கே வரும். கீழ வீதிக்குத்தான் வருவதில்லை.

அங்கிருந்து கடலூருக்கு பஸ். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டி ஒரு பழைய கடை. பெரியவர் ஒருத்தர் ஸ்டூலைப் போட்டு ஏறி, கணக்கு நோட்டுக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டை டப்பாவை எடுத்தார். உள்ளே வரிசையாகப் பேனாக்கள். ஒன்று அறுபது ரூபாய். “யாரும் கேக்குறதில்ல தம்பி. கேட்டு வர்றவங்களும் உங்க வயசு ஆளுங்கதான். சின்ன வயசு ஞாபகத்துக்குன்னு ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க. பிள்ளைங்களுக்குன்னு யாரும் வாங்கல” என்றார்.

புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது கொஞ்ச தூரம் தள்ளி மஞ்சக்குப்பத்தில். அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன் கைக்காசில் நிப்பு வைத்த பேனா வாங்க வேண்டுமென்றால், ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறது.

‘ஏன் சார், ஒரு பேனாவுக்கா இவ்வளவு கோபம்?’ என்பீர்கள். பேனாவுக்காக மட்டும் இல்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு மலிவான பொருள் வேண்டும். இது எந்தக் கலைக்கும் பொது. நம்மில் எத்தனை பேர் அப்பாவின் புது சைக்கிளில் ஓட்டக் கற்றோம்? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த, பெயின்ட் உதிர்ந்த, செயின் கழன்று விழுகிற வண்டியில்தான் குரங்கு பெடல் போட்டோம். விழுந்தால் முட்டி பேரும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது; ஆனாலும் பயமில்லை. அந்தப் பயமின்மைதான் பாலன்ஸ் கற்றுக்கொடுத்தது. முதல் பேனாவும் அப்படித்தான் இருக்க வேண்டும். கீழே போடுவான். நிப்பை வளைப்பான். சட்டைப் பையில் மை கொட்டுவான். ஆறு மாதத்தில் பஸ்ஸில் தொலைப்பான். தொலைத்தால் வீட்டில் ஒரு திட்டோடு போக வேண்டும். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பேனாவைத் தொலைத்தால் திட்டோடு போகுமா? ஆகவே அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டுவார். பையன் ஜெல் பேனாவோடு ஸ்கூலுக்குப் போவான். கெடுத்துக் கற்றுக்கொள்கிற உரிமையை அந்த அறுபது ரூபாய்ப் பேனாதான் கொடுக்கும்.

சரி, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

முதலில் ஒரு புரட்டை ஒதுக்கிவிடுகிறேன். இங்க் பேனாவில் எழுதினால் கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கோழி கிளறுகிற கை எந்தப் பேனாவிலும் கிளறும். இங்க் பேனா செய்வது வேறு ஒன்று. அது அழுத்த விடாது.

பால்பாயிண்ட் பேனாவின் முனையில் ஒரு குட்டி உருண்டை. அது காகிதத்தில் உருண்டால்தான் பின்னால் இருக்கிற பிசுக்கு மை வெளியே வரும். உருள வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். (ஜெல் பேனாவும் உருண்டைதான். மை இளகியது என்பதால் கொஞ்சம் குறைவாக அழுத்தினால் போதும்.) இங்க் பேனாவில் நிப்பின் நடுவே முடி மாதிரி ஒரு பிளவு. அடியில் கோடு கோடாக வெட்டிய கறுப்புத் துண்டு ஒன்று. திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே விதியில் மை தானாக இறங்கி முனைக்கு வந்து நிற்கும். வெளியே போன மைக்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். நிப்பு காகிதத்தைத் தொட்டால் போதும், எழுத்து விழும். அழுத்தினால் பிளவு விரியும், மை பொங்கும், நிப்பு முறுக்கிக்கொள்ளும். ஆக, பேனாவே வாத்தியார். ‘டேய், லேசாப் பிடி’ என்று ஒவ்வொரு வரியிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. மூன்று மணி நேரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு கை இன்னொரு கையைப் பிசைந்துகொண்டிருக்கும். நடுவிரலில் ஒரு காய்ப்பு. பால்பாயிண்ட் எழுதிய தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள், கண் தெரியாதவர்கூடப் படிக்கலாம், அவ்வளவு மேடு. அந்த மேடு அத்தனையும் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் கொடுத்த உழைப்பு.

சிதம்பரத்தில் வைத்துப் பேசுவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். தேவாரச் சுவடிகள் பூட்டிய அறையில் கரையான் புற்று மூடிக் கிடந்தன, ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அதைக் கண்டெடுத்தார் என்ற கதைக்கு இடம் இந்தக் கோயில்தான். அந்த ஓலைகளில் எழுதியது எழுத்தாணியால். ஓலையைக் கீறித்தான் எழுத்து. அமுக்கிப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அது ‘க’வா ‘க்’கா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இந்தத் தமிழ் எழுத்து எழுத்தாணியின் பிடியிலிருந்து விடுபட்டு, மை ஓடுகிற முனைக்கு வந்து, ‘ழ’வும் ‘ஞ’வும் ‘ணை’யும் இழுத்த இழுப்புக்கு வளைந்து சுகப்பட்டது ரொம்ப சமீபத்தில். அதற்குள் மறுபடியும் குழந்தை கையில் ஒரு எழுத்தாணியைக் கொடுத்திருக்கிறோம், விலை ஐந்து ரூபாய் என்று.

பால்பாயிண்ட் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடித்த பிரோ, ஹங்கேரிக்காரர், நம்ம தொழில்காரர், பத்திரிகையாளர். அச்சு மை சீக்கிரம் காய்கிறதே என்று பார்த்து அந்த யோசனைக்கு வந்தவர். 1938-ல் காப்புரிமை வாங்கினார். 1945-ல் நியூயார்க்கில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தபோது விலை 12.50 டாலர். அன்றைக்கு அதுதான் ஆடம்பரம், இங்க் பேனாதான் சாமானியம். ஐந்தே வருஷத்தில், 1950-ல், பிரான்சிலிருந்து பிக் பேனா வந்து பால்பாயிண்டைத் தெருவுக்கு இறக்கியது. ரொம்ப நல்ல காரியம். இரண்டு சாமான்யப் பேனாக்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒன்று தெருவுக்கு வந்ததும் இன்னொன்றை மாடிக்கு ஏற்றினார்களே, அதுதான் என் சண்டை.

பால்பாயிண்ட் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. செக்கில், பத்திரத்தில் அதுவே நல்லது. கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள். நனைந்தால் சாதாரண நீல மை கரைந்து ஓடிவிடும், பால்பாயிண்டின் எண்ணெய் மை நிற்கும். நீட் மாதிரி வட்டம் நிரப்புகிற பரீட்சைக்கும் பால்பாயிண்ட்தான். அதைக்கூட அவர்களே ஹாலில் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் விட மாட்டேன்.

பிளஸ் டூ பையன் ஒருவன் பத்து ரூபாய்ப் பேனா ஒன்றைப் பத்து நாளில் எழுதித் தீர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் மூன்று, படிப்பு நடக்கிற பத்து மாதத்துக்கு முப்பது பேனா, முந்நூறு ரூபாய். இங்க் பேனா எண்பது ரூபாய் என்று வையுங்கள். அறுபது மில்லி மை பாட்டில் ஐம்பது ரூபாய். ஒரு தடவைக்கு இரண்டு மில்லி பிடிக்கும், மூன்று நாள் வரும் என்றால் ஒரு பாட்டில் தொண்ணூறு நாள். வருஷத்துக்கு நாலு பாட்டில், இருநூறு ரூபாய். மொத்தம் இருநூற்று எண்பது. முதல் வருஷம் மிச்சம் இருபது ரூபாய்.

சிரிக்காதீர்கள். இருபது ரூபாய்க்காக நான் கட்சி கட்டவில்லை. உங்கள் வீட்டில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், மிச்சமே இல்லாமலும் போகலாம். நான் சொல்வது, இங்க் பேனா பணக்காரப் பழக்கம் என்கிற பேச்சு பொய். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்காது. இரண்டாம் வருஷம் பேனா வாங்க வேண்டியதில்லை, மை மட்டும்தான். இன்னொரு கணக்கும் உண்டு. முப்பது பேனா என்பது முப்பது பிளாஸ்டிக் குச்சி. நாற்பது பேர் வகுப்பில் வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதினாலு வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. உறிஞ்சு குழல் போச்சு, கப் போச்சு, கொடி போச்சு. பேனா அந்தப் பட்டியலில் இல்லை. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் மிதந்து வந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில் என்பது இந்த ஊர் நம்பிக்கை. இப்போது சில்வர் பீச்சில் என்னென்ன கரையேறுகிறது என்று ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

காலேஜில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும், வருஷா வருஷம் அதைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும். இந்த விதிக்கு நான் பார்த்த விலக்கு நிப்பு ஒன்றுதான். அது தேயத் தேய உங்கள் கை சாய்வுக்கு இணங்கி வரும். மூன்று மாதம் நீங்கள் எழுதிய பேனாவைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி எழுதினால் அவருக்குக் கீறும். பழைய ஆட்கள் கையெழுத்துப் போடப் பேனாவை இரவல் கொடுக்கத் தயங்கினார்களே, அது கஞ்சத்தனம் இல்லை.

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். பல பள்ளிகளில் இங்க் பேனாவுக்கு வாய்மொழித் தடை இருக்கிறது. சர்க்குலர் கிடையாது. “மிஸ் திட்டுவாங்க” என்பதுதான் சட்டம். ஏன் என்று கேட்டால், மை கொட்டும், பெஞ்ச் கறையாகும், சுவரில் தெளிப்பார்கள் என்பார்கள். தெளிப்பார்கள்தான். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலிலும் தெளிக்கிறார்கள், அதற்காகத் தண்ணீருக்குத் தடையா? அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்: எழுதுவதற்கு நீலம் அல்லது கறுப்பு மை. உருண்டை முனை என்று எங்கேயும் சொல்லவில்லை. தேர்வுத்துறை விடாத தடையை மூன்றாம் வகுப்பு டீச்சர் விடுகிறார்.

ஜெர்மனியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960-ல் பெலிக்கன் கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஆசிரியர்களைக் கலந்துகொண்டு ஒரு மலிவுப் பேனா கொண்டுவந்தது, பெலிக்கானோ என்று பேர். 1980-ல் லாமி கம்பெனி சஃபாரி என்று ஒன்று கொண்டுவந்தது. விரல் எங்கே உட்கார வேண்டும் என்று பிடியிலேயே பள்ளம் வெட்டி, பதின்வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த பிளாஸ்டிக் பேனா. அதே சஃபாரி நம்ம ஊருக்கு விமானம் ஏறி வந்ததும் ஆயிரங்களில் விலை போட்டு, பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, மேனேஜர்களுக்குப் பரிசாகிவிட்டது! பள்ளிக்கூடப் பையை இறக்குமதி செய்து கல்யாணத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற கூத்து.

அதே ஜெர்மனியிலிருந்து 2009-ல் வந்த இன்னொரு கூத்தையும் மறந்துவிடக் கூடாது. மான்ட் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரில் ஒரு பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனாக்கள். தங்க நிப்பில் கைத்தடி ஊன்றிய காந்தி. ராட்டையை நினைவூட்டத் தங்க இழை சுற்றல். விலை பத்து லட்சத்துக்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2010-ல் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

நிஜமான காந்தி பேனா எது? ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் என்பவர். 1921-ல் காந்தியைப் பார்த்து, எதையாவது சுதேசியாகச் செய் என்று கேட்டுக்கொண்டு போனவர். பல வருஷம் முட்டி மோதி, 1930-களின் தொடக்கத்தில் பேனா செய்தார். அதைக் காந்தியிடம் கொண்டுசேர்த்தவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் படித்த ஆடிட்டர், அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிராமத் தொழில் பக்கம் போனவர். (எங்கள் காமர்ஸ் வகுப்பில் இவர் பெயரை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.) காந்தி அந்தப் பேனாவில் எழுதிப் பார்த்தார். 1935 ஜூலையில் ரத்னத்துக்குக் கடிதம் போட்டார். கடைகளில் விற்கிற வெளிநாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்பதுதான் அதன் சாரம். தங்கம் இல்லை, இழை இல்லை, எண் போட்ட சான்றிதழ் இல்லை. எழுதுகிறதா, வெளிநாட்டுச் சரக்குக்கு மாற்றாக நிற்குமா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நம்ம பக்கமும் அப்படித்தான் இருந்தது. கலைஞர் கருணாநிதி அத்தனை வருஷம் எழுதிய எழுத்துக்குப் பயன்படுத்தியது வாலிட்டி என்கிற இந்தியப் பேனா. பாரிமுனை ஜெம் அண்ட் கம்பெனியில் வாங்கியது. ஐந்து தடவை முதலமைச்சரானவர், எந்த ஊர்ப் பேனா வேண்டுமானாலும் வீடு தேடி வந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு மெரினா கடலுக்குள் 134 அடியில் பேனா நினைவுச் சின்னம், 81 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டார்கள். 2023 ஜனவரியில் கலைவாணர் அரங்கில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்து, ஒரே ரகளை. வேண்டும் என்றவர்களும் உடைப்பேன் என்றவர்களும் தொண்டை வறளக் கத்தினார்கள். 134 அடிப் பேனாவுக்காக அடித்துக்கொண்ட இரு தரப்பிலும் ஒருத்தராவது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அஞ்சரை அங்குலத்தில் ஒன்று கொடுத்தால் என்ன என்று கேட்டாரா? புத்தகம், நோட்டு, பை, செருப்பு, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இலவசமாகக் கொடுக்கிற மாநிலம் இது. ஒரு மை பேனாவும் ஒரு பாட்டில் மையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தால் கஜானா கவிழ்ந்துவிடாது. எண்பது ரூபாய்ச் சில்லறை விலை, லட்சக்கணக்கில் டெண்டர் போட்டால் எவ்வளவுக்கு இறங்கும் என்று எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்வார். கீழ வீதிக் கடைக்காரரும் அப்போது மை பாட்டில் வாங்கி அடுக்குவார், ஏனென்றால் தீர்ந்தால் பிள்ளைகள் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

எனக்கு இதைவிட எரிச்சல் ஏற்றுகிறவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறது. என் வயசுக்காரர்கள். “அந்தக் காலத்துல அஞ்சு பைசாவுக்குக் கடையில மை ஊத்துவாங்க... பிளாட்டிங் பேப்பருக்குப் பதில் சாக்பீஸ்ல ஒத்தி எடுப்போம்... பேனாவை உதறினா முன்னாடி இருக்கிறவன் சட்டையெல்லாம்...” என்று கண் கலங்குவார்கள். கலங்கட்டும். கலங்கி முடித்ததும் பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றால், “இவனுக்கெல்லாம் இது சரிப்படாது சார், பொறுமை கிடையாது” என்பார்கள். உங்களுக்குப் பொறுமை பிறக்கும்போதே இருந்ததா? கசிகிற பேனாவை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில்தானே வந்தது? தான் அனுபவித்ததை நினைவுப் பொருளாக்கி, பிள்ளைக்குக் கிடைக்கவிடாமல் செய்வதற்கு ஏக்கம் என்று பெயர் வைக்கக் கூடாது. சேகரிப்பாளர்கள் தனி ரகம். திருவள்ளூரில் ரங்கா என்று கையால் கடைந்து பேனா செய்கிறார்கள், உலகம் பூராவும் வாங்குகிறார்கள், பெருமைதான். வாங்கட்டும். ஆனால் ஒரு ஊரில் சங்கீத சபா இருக்கிறது என்பதற்காகப் பாட்டு வாத்தியார் வேண்டாம் என்று ஆகிவிடுமா? இருபது பேனா வைத்திருப்பவருக்கு இருபத்தொன்றாவது கிடைப்பது எளிது. ஒன்றுகூட இல்லாதவனுக்கு முதல் பேனா கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

‘இனிமே யார் சார் கையால எழுதுறா?’ என்று ஒரு கேள்வி வரும். பத்தாம் வகுப்பு எழுதுகிறது. பன்னிரண்டு எழுதுகிறது. அண்ணாமலை நகரில் செமஸ்டர் எழுதுகிறார்கள். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிற நோட்ஸைக்கூட எவனோ ஒருவன் கையால் எழுதியிருக்கிறான். மணிக்கணக்காக எழுதச் சொல்லி மார்க் போடுகிற வரைக்கும், எதால் எழுதுகிறான் என்று கேட்கத்தான் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம். பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். கடையில் மையில் தோய்த்து ஒரு எட்டு போட்டுப் பாருங்கள், எல்லாப் பக்கமும் கீறாமல் போனால் போதும். நுனி ரொம்ப மெல்லியதாக இருந்தால் நம்ம நோட்டுத் தாளின் நாரைக் கிளறும், ரொம்பப் பட்டையாக இருந்தால் மறுபக்கம் ஊறும், நடுவாந்திரமாக எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் வெறும் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு அப்புறம் மை. பிரில், கேமல் எது வேண்டுமானாலும் ஊற்றலாம். படம் வரைகிற இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றாதீர்கள், அது உள்ளே காய்ந்து இறுகி வழியை அடைத்துவிடும். மூடியைத் திறந்து போட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள், வந்து பார்த்தால் எழுதாது. கட்டைக்குள்ளேயே நேராக மை ஊற்றுகிற ரகமாக இருந்தால், பாதிக்குக் கீழே குறைய விடாதீர்கள். மே மாத பஸ்ஸில், சட்டைப் பையின் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரியும், மையை வெளியே தள்ளும். பேனா கசிகிறது என்று பழி போடுகிறோமே, பாதி நேரம் அது காற்று செய்கிற வேலை. நிரப்பி வைத்து, நிப்பு மேலே பார்க்கச் சொருகினால் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேர்கிற வரை ஒரு சொட்டு வராது.

மை பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்கூல் பையில் வேண்டாம். மிஸ் சொல்வதில் அது ஒன்று நியாயம்.